மதிப்பீட்டுக்கு முந்தைய மதிப்பீடு

பொடிசுக்குப் படிக்க வரவில்லை என்பது வீட்டில் தெரியும், பள்ளிக்கூடத்தில் தெரியும், பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதிகாரபூர்வமாக யாருக்கும் தெரியாது. இவ்வளவும் நடந்ததற்கு அதுதான் காரணம்.

பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கிவிட்டாள் என்று வைத்த பெயர் பொடிசு. இப்போது பத்தாவது படிக்கிறாள், அம்மாவைவிட ஒரு தலை உயரம். எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்லிவிடுவாள். ஒரு தடவை காதில் விழுந்தது லேசில் மறக்காது. அச்சடித்த வரியைக் கண்டால்தான் தகராறு. ‘மழை’ என்பதை முதல் வரியில் ‘மலை’ என்பாள், அடுத்த வரியில் ‘மாலை’ என்பாள், மூன்றாவது வரிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

வகுப்பு டீச்சர் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து, ரொம்பச் சாதாரணமாக ஒரு காரியம் செய்தார். பரீட்சை நேரத்தில் பொடிசின் பக்கத்தில் போய் நின்று கேள்வித்தாளை வாசித்துக் காட்டினார். அவள் தன் கோணல்மாணல் எழுத்தில் பதில் எழுதினாள், தேறினாள். ஒன்பதாவது முழுக்க இப்படியே ஓடியது. யாருக்கும் தொந்தரவு இல்லை. தொந்தரவு இல்லாமல் ஒரு காரியம் நடக்கிறது என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியைக்குத் தோன்றியது. விசாரித்தார். அம்மாவுக்கு ஆள் போனது.

அம்மா ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். பாதி அறைகளை முடித்துவிட்டு, மீதியைக் கூட வேலை செய்கிறவளின் தலையில் கட்டிவிட்டு, கையில் பினாயில் வாசனையோடு வந்து நின்றாள்.

“உங்க பொண்ணுக்கு எங்க ஸ்கூல்ல முறையில்லாம உதவி நடந்திருக்கு” என்றார் தலைமையாசிரியை.

“என்ன உதவிங்க மேடம்?”

“கேள்வியை வாசிச்சுக் காட்டியிருக்காங்க.”

“அது தப்புங்களா?”

“தப்பே இல்ல. ரொம்ப நல்ல உதவி. நானே மேடையில பேசியிருக்கேன். ஆனா யாருக்குச் செய்யணும்னு ஒரு வரைமுறை இருக்கில்ல? உங்க பொண்ணுக்கு என்ன பிரச்சனை?”

“படிக்க வரலைங்க.”

“அது எனக்கும் தெரியும். அறிக்கை எங்க?”

அம்மா புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறிக்கை என்று எதைச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

“பாருங்கம்மா” என்று தலைமையாசிரியை குரலைத் தணித்தார். “பேர் தெரியாத பிரச்சனைக்கு உதவி செஞ்சா, நாளைக்குப் பிரச்சனை இல்லாதவங்களும் உதவி கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் பாஸாயிடுவாங்க. அப்புறம் பள்ளிக்கூடம்னு ஒண்ணு எதுக்கு? வருஷக் கடைசியில பொதுத்தேர்வு. மதிப்பீட்டு மையத்துல போய் ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. வாசிப்பாளர்னு ஒருத்தரை நானே போட்டுத் தர்றேன். சான்றிதழ் இல்லன்னா அவளாத்தான் படிச்சு எழுதணும். அவளாப் படிச்சு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

எல்லாருக்கும் இத்தனை தெரிந்திருந்தும் உதவி மட்டும் அன்றோடு நின்றது.

வெளியே வராந்தாவில் வகுப்பு டீச்சர் காத்திருந்தார். “என்னால இனி ஸ்கூல்ல முடியாதும்மா. வீட்லயாவது யாராவது பாடத்தை வாசிச்சுக் காட்டுங்க. காதால கேட்டா அவளுக்கு எல்லாம் ஏறும்” என்றார். அம்மா சரி என்று தலையாட்டினாள். அன்று முதல் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா பாடப்புத்தகத்தை எடுத்து வாசிப்பார். அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். வண்டிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர் என்பதால், மண் வளத்தையும் மக்களாட்சியையும் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். பொடிசு சுவரில் சாய்ந்து கேட்பாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள்.

மதிப்பீட்டு மையம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் கதவளவுக்கு ஒரு அறிவிப்புப் பலகை. அதில் பொடி எழுத்தில், ‘வாசிப்பதில் சிரமம் உள்ளவர்கள் கீழ்க்காணும் நெறிமுறைகளை முழுமையாக வாசித்துப் புரிந்துகொண்ட பின்னரே உள்ளே வரவும்’ என்று தொடங்கி, தரைவரைக்கும் நெறிமுறைகள் இறங்கின. அதன் முன்னால் சில பிள்ளைகள் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“நீ படி” என்றாள் அம்மா.

“நீ படிம்மா.”

“எனக்குக் கண்ணாடி வீட்ல இருக்கு.”

வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தவிர வேறு கண்ணாடி கிடையாது. பொடிசுக்கும் அது தெரியும். இருவரும் பலகையைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். “வெளியே போர்டை வாசிச்சீங்களா?”

“வாசிச்சோம்” என்றாள் அம்மா.

“முழுசாவா? அப்ப உங்களுக்குப் பிரச்சனை இல்லையே.”

“இல்லைங்க, வாசிக்கல.”

“வாசிக்காம உள்ள வரக் கூடாதே.”

அம்மா பொடிசைப் பார்த்தாள். பொடிசு யோசித்துவிட்டு, “பாதி வாசிச்சோம்” என்றாள்.

“அது சரி” என்று அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். “பாதி வாசிக்கிறவங்களுக்குத்தான் இந்த மையம். உக்காருங்க.”

அன்று மதிப்பீடு நடக்கவில்லை. மதிப்பீடு தேவைதானா என்று பார்க்க முதலில் ஒரு மதிப்பீடு உண்டாம். அதற்கான வினாநிரலைத் தந்து, பெற்றோர் நிரப்பிக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தலையணையாக வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். அன்று ராத்திரி அப்பா பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அதை வாசிக்க ஆரம்பித்தார்.

“குழந்தை முதல் தடவையா குப்புற விழுந்தது எந்த மாசம்?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு? விழுந்தா. எழுந்தா” என்றாள் அம்மா.

“குழந்தை வயித்துல இருந்தப்ப தாய் எந்த மாதிரி இசை கேட்டாங்க?”

“உங்க லாரி ஹாரன்தான்.”

அப்பா ‘காற்றுக் கருவி’ என்று எழுதினார்.

“வீட்டுல இருக்கற புத்தகங்களோட மொத்த நீளம், மீட்டர்ல.”

அப்பா எழுந்து போய்ப் பாடப்புத்தகங்களை வரிசையாக நிற்கவைத்து, கையால் சாண் போட்டுப் பார்த்தார். சாணுக்கு மேல் கொஞ்சம் வந்தது. கூடவே கேஸ் அடுப்பு வாங்கியபோது தந்த கையேட்டையும் சேர்த்து நிற்கவைத்தார்.

வினாநிரலைக் கொடுத்த பிறகு காத்திருந்தார்கள். காத்திருப்பது என்றால் வீட்டில் காத்திருப்பது அல்ல. முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம், நேரில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியுமாம். அம்மா விடுமுறை நாளையெல்லாம் அங்கே செலவழித்தாள். நீளமான அறை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி. பெற்றோர்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தன் மகனை நாலாவது படிக்கும்போது கூட்டிக்கொண்டு வந்தாராம். அவனுக்கு இப்போது மீசை அரும்பியிருந்தது. “முந்தியெல்லாம் சின்ன நாற்காலி போடுவாங்க” என்றான் அவன் பொடிசிடம், பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்வதைப்போல.

ஒருவழியாக, மதிப்பீடு தேவை என்று மதிப்பிட்டார்கள். ஆனால் மதிப்பிட்ட தேதியிலிருந்து அந்த முடிவு குறிப்பிட்ட காலம்வரைதான் செல்லும் என்றும் சொன்னார்கள். அம்மா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. கூப்பிட்டார்களே என்ற சந்தோஷத்தில் இருந்தாள்.

சோதனை அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். தாய்க்கு உள்ளே இருக்க அனுமதி உண்டு, ஆனால் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மதிப்பீட்டாளர் சின்ன வயதுப் பெண். பதில் சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்பது விதி. அதற்கென்றே நடந்த பயிற்சியில் முதலாவதாக வந்தவர் அவர். கழுத்தில் ஒரு நேரமானி தொங்கியது.

“குடை, கூரை. ரெண்டுக்கும் என்ன ஒற்றுமை?” என்று கேட்டு நேரமானியை அழுத்தினார்.

பொடிசு கொஞ்சம் யோசித்தாள். “ஓட்டை விழுந்தாத்தான் ரெண்டையும் நாம நிமிர்ந்து பாப்போம்” என்றாள்.

மதிப்பீட்டாளர் கையேட்டைப் புரட்டினார். ‘இரண்டும் மழையிலிருந்து காக்கும்’ என்றால் முழு மதிப்பெண், ‘இரண்டும் மேலே இருக்கும்’ என்றால் பாதி. ஓட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை. பூஜ்யம் போட்டார்.

“அவ சொன்னது சரிதானேங்க?” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

“சரியா தப்பாங்கறது இங்க கேள்வி இல்லம்மா. கையேட்டுல இருக்கா இல்லையாங்கறதுதான்.”

அதன் பிறகு கட்டைகளை அடுக்கச் சொன்னார். பொடிசு படபடவென்று அடுக்கினாள். மதிப்பீட்டாளரின் புருவம் லேசாக உயர்ந்தது, உடனே கீழே இறங்கிவிட்டது. பிறகு, தான் சொன்ன எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், சொன்னாள். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். பொடிசின் குரல் மாறியது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அந்தக் குரலைக் கேட்டாள். வார்த்தைக்கு வார்த்தை தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுகிற குரல். அந்தக் குரல் தனக்கு எவ்வளவு பழக்கம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு வீடு வரையச் சொன்னார். பொடிசு வரைந்த வீட்டுக்குக் கதவு இல்லை. ‘மூடிய மனநிலை, உதவியை ஏற்க மறுக்கும் போக்கு’ என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார். அவர்கள் குடியிருப்பது ஒரு வீட்டின் பின்பக்கம். தெருவில் நின்று பார்த்தால் கதவு தெரியாது, சந்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதைக் கேட்கும் கட்டம் அறிக்கையில் இல்லை.

முடிவைச் சொல்ல இயக்குநரே வந்தார். அன்றைக்கு அப்பாவும் லாரியை ஓரம்கட்டிவிட்டு வந்திருந்தார். இயக்குநருக்கு நல்ல மனம். பெற்றோருக்கு எல்லாம் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

“நாங்க இங்க குழந்தையைப் பாக்கறதில்ல” என்று ஆரம்பித்தார். “குழந்தையைப் பாத்தா பாசம் வந்துடும். வரைபடத்தை மட்டும்தான் பாப்போம். உங்க பொண்ணோட வரைபடம் ரொம்ப அழகா இருக்கு. யோசிக்கிற திறன் நல்லா மேல இருக்கு. வாசிக்கிற திறன் நல்லா கீழ இருக்கு. ரெண்டையும் கூட்டி வகுத்தா சரியா நடுவுல வந்து நிக்குது. நடுவுல இருக்கறவங்களுக்கு உதவி கிடையாது. வாழ்த்துகள்.”

அப்பா தலையைச் சொறிந்தார். “சார், ஒரு கால்ல செருப்பு இருக்கு, இன்னொரு கால்ல இல்ல. அப்ப ரெண்டு கால்லயும் பாதிப் பாதி செருப்பு இருக்குன்னு ஆயிடுங்களா?”

“நல்ல கேள்வி” என்றார் இயக்குநர். “ஆனா செருப்பு எங்க துறையில வராது.”

“அவளுக்குக் கேள்வியை ஒருத்தர் வாசிச்சுக் காட்டினா போதுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள் அம்மா.

“புரியுதும்மா. ஆனா வர்றவங்களுக்கெல்லாம் பிரச்சனை இருக்குன்னு நாங்க சொல்லிட்டா, அப்புறம் எங்க மதிப்பீட்டுக்கு என்ன மதிப்பு? யாருக்காவது இல்லன்னு சொன்னாத்தான் இருக்கறவங்களுக்கு மரியாதை. போன வருஷம் பெரும்பாலானவங்களுக்கு இல்லன்னு சொன்னோம். அதுக்காக எங்களுக்கு விருது கூடக் கொடுத்தாங்க.” அவர் சுவரைக் காட்டினார். விருது அங்கே மாட்டியிருந்தது. “வேணும்னா மேல்முறையீடு இருக்கு. பிரச்சனை பரம்பரையா வர்றதுன்னு நிரூபிச்சா நடுவுல இருந்தாலும் பரிசீலிப்போம். பெத்தவங்கள்ல ஒருத்தரை மதிப்பீடு பண்ணணும். யார் வர்றீங்க?”

அப்பா ஓடுகிற லாரியிலிருந்தே கடைப் பலகைகளை வாசிக்கிறவர். அம்மா தரையைப் பார்த்தாள்.

தன்னை மதிப்பிடுகிற நாளிலும் அம்மா சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்காரப் போனாள். “இல்லம்மா, இன்னிக்கு நீங்க இங்க” என்று மதிப்பீட்டாளர் மேசை முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டினார். பொடிசு சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளும் பெற்றோர் என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு அட்டை கைவசம் இல்லை.

ஒரு தாளை அம்மாவின் முன்னால் வைத்தார்கள். ஒரு அணில் எங்கேயோ போய் எதையோ எடுத்து வருகிற கதை. எழுத்துப் பெரிதாகத்தான் இருந்தது.

“கண்ணாடி கொண்டுவரலைங்க” என்றாள் அம்மா.

மதிப்பீட்டாளர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே எல்லா அளவிலும் மூக்குக்கண்ணாடிகள் அடுக்கியிருந்தன. “பிள்ளைங்க நிறையப் பேர் மறந்துட்டு வர்றாங்க” என்றார்.

அம்மா ஒன்றை மாட்டிப் பார்த்தாள். கழற்றினாள். வேறொன்றை மாட்டினாள். இன்னொன்று. மதிப்பீட்டாளர் பொறுமையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இழுப்பறை காலியானது. மேசைமேல் கண்ணாடிகள் குவிந்து கிடந்தன. அம்மா அவற்றை விடுதித் துண்டுகளை அடுக்குகிற மாதிரி ஒரே பக்கமாக அடுக்கி வைத்தாள். பிறகு அணிலை வாசிக்கத் தொடங்கினாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பொடிசு அந்தக் குரலைக் கேட்டாள். தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுகிற குரல். அது தன்னுடைய குரல்தான், வயது மட்டும் கூடியிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று விதி. திரும்பிப் பார்த்தாள்.

பாதியில் அம்மா நிறுத்திவிட்டாள். “ரூம்ல ஒரு தடவை ஒரு விருந்தாளி சீட்டு எழுதி வச்சிருந்தாரு” என்றாள், யாரும் கேட்காமலே. “மேசை மேல இருக்கற பேப்பரைத் தூக்கிப் போடாதீங்கன்னு. நான் குப்பையைக் கொட்டச் சொல்றாரோன்னு எல்லாத்தையும் போட்டுட்டேன். வேலையே போயிருக்கும். சீட்டைப் பாக்கலன்னு சொல்லித் தப்பிச்சேன். ஒன்பதாவதுல என்னைய எந்திரிச்சு வாசிக்கச் சொல்லுவாங்க. வாசிக்கலைன்னா வெளியே நிக்கணும். நான் வாசிக்கறதுக்கு முந்தியே போய் வெளியே நின்னுக்குவேன். அப்படியே ஒருநாள் வீட்டுக்குப் போயிட்டேன். மண்டையில ஒண்ணும் இல்லாதவன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

மதிப்பீட்டாளர் நேரமானியைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். முடிவை முன்கூட்டியே சொல்லக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

“மண்டையில எல்லாம் இருக்கும்மா” என்றார். “எழுத்து உள்ள போற வழிதான் கொஞ்சம் சுத்து. நிறையப் பேருக்கு இருக்கு. அதுக்குப் பேர் கூட இருக்கு.” பிறகு முகத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு, “மீதி அணிலை வாசிங்க” என்றார்.

இருவரும் பேருந்தில் திரும்பினார்கள். இறங்கும் இடம் வந்ததும், “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள் பொடிசு.

“தெரியாம என்ன? கல்யாணப் பத்திரிகைக்கே நான் பேரைத் தப்பா எழுதிக் குடுத்தேன். அவர் திருத்திட்டு ஒண்ணும் சொல்லல.”

அம்மாவின் சான்றிதழ் சட்டென்று வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத்தான் வரிசை. பெரியவர்களுக்கு வரிசையே இல்லை, இதுவரை யாரும் வந்ததில்லை. இயக்குநர் புகைப்படக்காரரை வரவழைத்தார்.

“எங்க மையத்தோட முதல் வயதுவந்தோர் சான்றிதழ்” என்று அம்மாவின் கையில் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். “இதன்படி நீங்க எழுதற எல்லாப் பொதுத்தேர்வுலயும் உங்களுக்கு ஒரு வாசிப்பாளர் உண்டு. கூடுதல் நேரம் உண்டு. ஆயுசு முழுக்கச் செல்லும்.”

“நான் எந்தப் பரீட்சையும் எழுதலையேங்க.”

“அது உங்க சொந்த முடிவு. நாங்க தலையிட மாட்டோம்.”

“என் பொண்ணுக்கு?”

“பரம்பரைன்னு நிரூபணமாயிடுச்சு. ரொம்ப மகிழ்ச்சி. ஆனா இந்த நிரூபணம் முடியறதுக்குள்ள அவளோட முன்மதிப்பீடு காலாவதி ஆயிடுச்சு. மதிப்பீடு தேவையான்னு மறுபடி முதல்ல இருந்து பாக்கணும்.”

“பரீட்சை வருதுங்க சார்.”

“பரீட்சை வருஷா வருஷம் வரும்மா. மதிப்பீடு ஒரு தடவைதான். அதை அவசரப்படுத்தக் கூடாது.”

அம்மா சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, கால் அந்தப் பக்கம் போனது. வாசலில் வகுப்பு டீச்சர் அதை வாங்கி வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“எனக்கு அழுகை வருது டீச்சர். நீங்க சிரிக்கறீங்க.”

“அம்மா, பத்தாவது பரீட்சையை வெளியிலிருந்து தனியாவும் எழுதலாம் தெரியுமா? வயசு வரம்பு இல்ல. இந்தப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு எங்க ஸ்கூல்தான் தேர்வு மையம். நீங்க எழுதினா உங்களுக்கு ஒரு வாசிப்பாளர் போட்டாகணும். அவங்க கேள்வியை வாசிச்சாகணும். வாயால வாசிச்சா சத்தம் வரும்.”

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், “எனக்கு நாப்பது வயசு டீச்சர்” என்றாள்.

“நீங்க பதில் எழுத வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்.”

தேர்வு நாளில் தலைமையாசிரியை விதிப்புத்தகத்தோடு ஓடியாடிக்கொண்டிருந்தார். வாசிப்பாளர் உள்ள தேர்வருக்குத் தனி அறை தர வேண்டும். தனி அறைக்குத் தனிக் கண்காணிப்பாளர் வேண்டும். கூடுதலாக இருந்த ஆசிரியர்கள் எல்லோரையும், கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளைக் கண்டறிவது எப்படி என்ற பயிற்சிக்காக மதிப்பீட்டு மையம் அழைத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியவர் வகுப்பு டீச்சர் ஒருவர்தான். அவரை வாசிப்பாளராகப் போட்டுவிட்டு, அம்மாவைப் பொதுக்கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உயரமான பிள்ளைகள் எப்போதும் கடைசி பெஞ்சில்தான். அதனால் பக்கத்து பெஞ்சில் பொடிசு இருந்தாள்.

“மத்தவங்களுக்கும் கேக்குமே மேடம்” என்றார் கண்காணிப்பாளராக வந்த வெளியூர் ஆசிரியர்.

தலைமையாசிரியை விதியைத் தேடினார். “வாசிப்பாளர் தேர்வருக்குக் கேட்கும்படி வாசிக்கணும்னு இருக்கு. மத்தவங்க கேக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. விதியில இல்லாததை நான் தடுக்க முடியாது. தடுத்தா அது முறைகேடு” என்றார்.

அம்மா டீச்சரைப் பார்த்தாள். “கொஞ்சம் சத்தமா படிங்க டீச்சர். காது மந்தம்.”

“அதுக்குத் தனிச் சான்றிதழ் இருக்கா?” என்றார் வெளியூர் ஆசிரியர்.

“எனக்குத் தொண்டையே இப்படித்தான் சார்” என்றார் டீச்சர். கேள்வித்தாளை விரித்து முதல் கேள்வியை வாசித்தார். கூடம் முழுக்கக் கேட்டது. பொடிசின் பேனா ஓடத் தொடங்கியது.

சும்மா உட்கார வந்த அம்மா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். நாலாவது கேள்வியோ ஐந்தாவது கேள்வியோ வந்தது. மண்ணரிப்பு எதனால் ஏற்படுகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்று டீச்சர் வாசித்தார். அம்மா நிமிர்ந்தாள். அது அவளுக்குத் தெரியும். ராத்திரி ராத்திரி லாரிக் குரலில் கேட்டது, பாத்திரத்தைத் தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கியிருந்தது. அடுத்ததும் தெரிந்தது. அதற்கடுத்ததும். அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தாள். எழுத்துகள் கோணலாகத்தான் விழுந்தன, சில இடம் மாறி விழுந்தன. எல்லாரும் போன பிறகும் கூடுதல் நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். வெளியே பொடிசு படியில் காத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பாடங்களின் தேர்வுகளும் இப்படியே நடந்தன.

முடிவு வந்தது. அந்தக் கூடத்தில் எழுதிய அத்தனை பிள்ளைகளும் தேறியிருந்தார்கள். வழக்கமாகக் கோட்டை விடுகிற பின் பெஞ்சுக் கூட்டமும் இதில் சேர்த்தி. இது கட்டுப்பாட்டின் வெற்றி என்று தலைமையாசிரியை காலை இறைவணக்கக் கூட்டத்தில் பேசினார். பொடிசுக்கு நல்ல மதிப்பெண். அம்மா மொழிப்பாடத்தைத் தவிர எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். மொழிப்பாடத்தில் ஒரு பெரிய பத்தியைக் கொடுத்து வாசித்துப் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் வாசிப்பாளர் வாசிக்கக் கூடாதாம்.

சில நாள் கழித்து விடுதியில் ஒரு அறையின் மெத்தைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் போன் வந்தது. இயக்குநர். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விரிப்பின் முனையை மெத்தைக்கு அடியில் செருகினாள்.

“வாழ்த்துகள்மா. உங்க பொண்ணு எந்த உதவியும் இல்லாம பாஸாயிட்டா. அவளுக்கு உதவி தேவையில்லன்னு நாங்க சொன்னது எவ்வளவு சரின்னு இப்பத் தெரியுதில்ல? எங்க ஆண்டறிக்கையில முதல் பக்கத்துல போடறோம்.”

“சரிங்க சார்.”

“ஆனா நீங்க வாசிப்பாளர் இருந்தும் ஒரு பாடத்துல கோட்டை விட்டிருக்கீங்க. அப்ப நாங்க கொடுத்த சான்றிதழ் சரிதானான்னு கேள்வி வருது. மறுமதிப்பீடு பண்ணணும். அடுத்த வாரம் வாங்க. முதல்ல ஒரு வினாநிரல் இருக்கு.”

அம்மா தலையணையைத் தட்டி உறைக்குள் தள்ளினாள். “அடுத்த வாரம் முடியாதுங்க. துணைத்தேர்வு வருது. படிக்கணும்.”

“அதான் பாஸாயிட்டாளே. அவளுக்கு எதுக்குத் துணைத்தேர்வு?”

“அவளுக்கு இல்லைங்க சார்” என்றாள் அம்மா. “எனக்கு.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, தள்ளுவண்டியைத் தள்ளியபடி அடுத்த அறைக்குப் போனாள்.